ஒரு கோபுரம் தன் அலைவரிசையை மாற்றும்போது

பெங்களூரு ஜே.சி. நகர்ப் பக்கம் போகிறவர்கள் தூர்தர்ஷன் நிலையத்தின் கோபுரத்தைப் பார்க்காமல் கடக்க முடியாது. அந்த வட்டாரத்துக்கு அது ஓர் அடையாளம். 1981-இல் இந்த நகரத்துக்குத் தொலைக்காட்சி வந்தபோது, மொட்டைமாடிகளில் அலுமினியக் குச்சிகள் முளைத்தன. ஒரு தெருவில் நின்று அண்ணாந்து பார்த்தால் எல்லாக் குச்சிகளும் ஒரே திசை நோக்கி நிற்கும். கோபுரம் எங்கே இருக்கிறது என்று வழி கேட்கவே தேவையில்லை.

இப்படிப்பட்ட ஒரு நிலையத்திடம் அரசு ஒருநாள், “நீங்கள் ஒளிபரப்பும் அலைவரிசையைக் காலி செய்துவிட்டு வேறொன்றுக்கு மாறுங்கள்” என்று உத்தரவிட்டால் என்ன ஆகும்? நிலையத்தின் பெயர் மாறாது, நிகழ்ச்சிகள் மாறா, கட்டடமும் மாறாது. மெகாஹெர்ட்ஸ் கணக்கில் ஓர் எண் மட்டும் மாறும். ஆனால் அந்த ஓர் எண்ணை மாற்றிக்கொள்ள அமெரிக்காவில் 987 நிலையங்களுக்கு 39 மாத அவகாசம் தர வேண்டியிருந்தது. கோடிக்கணக்கான டாலர் செலவானது. ஓர் உயிரும் போனது. ஓர் எண்ணுக்குள் இவ்வளவு பாரம் எங்கிருந்து வந்தது என்பதுதான் இந்தக் கட்டுரை.

எண்ணுக்குள் ஒரு நீளம்

வானொலி அலை ஒளியின் வேகத்தில் செல்கிறது, நொடிக்கு ஏறத்தாழ 3 லட்சம் கிலோமீட்டர். அது நொடிக்கு எத்தனை முறை அதிர்கிறது என்பதே அதிர்வெண். வேகத்தை அதிர்வெண்ணால் வகுத்தால் ஓர் அலையின் நீளம் கிடைத்துவிடும். கணக்கு எளிது. 300-ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் விடை மீட்டரில் வரும்.

இந்தியாவில் தூர்தர்ஷன் பயன்படுத்திய வி.எச்.எஃப். மூன்றாம் பட்டை 174 முதல் 230 மெகாஹெர்ட்ஸ் வரை. அங்கே அலையின் நீளம் 1.7 மீட்டரிலிருந்து 1.3 மீட்டர் வரை இருக்கும். யு.எச்.எஃப். பட்டை தொடங்கும் 470 மெகாஹெர்ட்ஸில் அது 64 சென்டிமீட்டர். 700 மெகாஹெர்ட்ஸில் 43 சென்டிமீட்டர். ஆண்டெனாவின் முக்கியமான குச்சி பொதுவாக அலைநீளத்தில் பாதி அளவு இருக்க வேண்டும். அப்போதுதான் அலை அதில் முழு வலுவோடு ஒத்து அதிரும். மாடியில் நின்ற அந்த அலுமினியக் குச்சியின் நீளம் கடைக்காரர் தன் விருப்பத்துக்கு வெட்டியது கிடையாது. உங்கள் ஊருக்கு வந்த அலையின் நீளம்தான் அதைத் தீர்மானித்தது.

புல்லாங்குழல் வித்வான் மேடைக்கு ஒரு பை நிறையக் குழல்களோடு வருவதைப் பார்த்திருப்போம். சுருதியை மாற்ற வேண்டுமானால் அவர் வேறு நீளமுள்ள குழலைத்தான் எடுக்க வேண்டும். ஒளிபரப்புக் கோபுரமும் அப்படியே. அதன் உச்சியில் இருக்கும் ஆண்டெனா ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணுக்காக வார்க்கப்பட்ட உலோகம். எண் மாறினால் உலோகம் மாற வேண்டும். அந்த உலோகமோ டன் கணக்கில் எடையோடு, நூறு, இருநூறு மீட்டர் உயரத்தில் உட்கார்ந்திருக்கிறது.

காலி செய்யச் சொல்வது யார், ஏன்?

காற்றில் செல்லும் அலைகளுக்கு உரிமையாளர் யார் என்ற கேள்வி நம் உச்ச நீதிமன்றத்துக்கே போனது. கிரிக்கெட் ஒளிபரப்பு உரிமை தொடர்பான வழக்கில், அலைகள் பொதுச்சொத்து என்று 1995 பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது. அந்தப் பொதுச்சொத்தை யாருக்கு எந்த அளவில் பிரித்துத் தருவது என்று இந்தியாவில் தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூ.பி.சி. பிரிவு கணக்கு வைத்திருக்கிறது. ராணுவம், விமானம், காவல்துறை, கைப்பேசி, தொலைக்காட்சி என்று எல்லோருக்கும் அதில் பங்கு உண்டு. வானியலுக்கும் உண்டு. ஊட்டியில் 1970 முதல் இயங்கும் 530 மீட்டர் நீள வானொலித் தொலைநோக்கி, 327 மெகாஹெர்ட்ஸை ஒட்டி வானத்திலிருந்து வரும் மிக மெல்லிய அலைகளைக் கேட்கிறது. அந்த இடத்தில் வேறு யாரும் சத்தம் போடக் கூடாது.

இந்தப் பங்கீட்டில் தொலைக்காட்சிக்கு உலகமெங்கும் நல்ல இடம் கிடைத்திருந்தது. கைப்பேசி பிறப்பதற்கு முன்பே அது வந்துவிட்டதுதான் காரணம். 470 முதல் 800 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள அலைகள் வெகுதூரம் செல்லும், சுவரைத் துளைத்து அறைக்குள்ளும் நுழையும். கைப்பேசி நிறுவனங்களுக்கும் அதே குணம்தான் வேண்டும். உயர்ந்த அதிர்வெண்ணில் ஊர் முழுக்கக் கோபுரங்கள் நட வேண்டிய இடத்தில், 700 மெகாஹெர்ட்ஸில் சில கோபுரங்களே போதும். அதனால் நாட்டுக்கு நாடு தொலைக்காட்சியைக் கீழே நெருக்கிவிட்டு, மேல்பகுதியைக் கைப்பேசிக்குத் தரும் வேலை நடந்தது. இந்தியாவில் 700 மெகாஹெர்ட்ஸ் 2016 ஏலத்திலும் 2021 ஏலத்திலும் விலைபோகவில்லை. 2022 ஆகஸ்டில் முடிந்த ஏலத்தில் ரிலையன்ஸ் ஜியோ அதை நாடு முழுமைக்கும் வாங்கியது. இன்று கையில் இருக்கும் 5ஜி அலைகளில் ஒரு பங்கு, பல நாடுகளில் தொலைக்காட்சி வாழ்ந்த வீட்டில்தான் குடியேறியிருக்கிறது.

நிலையத்துக்குள் நடக்கும் வேலை

மாற்ற உத்தரவு வந்த நாளிலிருந்து ஒரு நிலையம் என்னென்ன செய்ய வேண்டும்?

முதல் வேலை காகிதத்தில். புதிய அதிர்வெண்ணில் ஒளிபரப்பினால் அலை எதுவரை போகும், யாருடைய அலையோடு மோதும் என்று கணக்கிட வேண்டும். கோபுரத்தின் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.1-ஆல் பெருக்கினால் அலை தொடும் அடிவானம் கிலோமீட்டரில் கிடைக்கும். 100 மீட்டர் கோபுரத்துக்கு 41 கிலோமீட்டர். ஆனால் அலை எப்போதும் இந்தக் கணக்குக்குக் கட்டுப்படுவதில்லை. கடலுக்கு மேலே குளிர்ந்த காற்றின் மீது வெதுவெதுப்பான காற்று படர்ந்தால், அந்த இரண்டு அடுக்குக்கும் நடுவே அலை சிக்கி நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் வழுக்கிச் செல்லும். 1982-இல் தொடங்கிய இலங்கையின் ரூபவாஹினியைத் தமிழ்நாட்டுக் கடலோர ஊர்களில் உயரமான ஆண்டெனா கட்டி மக்கள் பார்த்தார்களே, அதற்கு அந்தக் காற்றும் ஒத்தாசை செய்தது. பார்ப்பவருக்கு அது இன்பம். அதே அதிர்வெண்ணில் வேறு நிலையம் நடத்துகிறவருக்குத் தலைவலி. அதனால்தான் அண்டை நாடுகளோடும் பேசித்தான் அதிர்வெண்ணை முடிவு செய்கிறார்கள்.

அடுத்தது டிரான்ஸ்மிட்டர். தூர்தர்ஷன்காரர்கள் ஹெச்.பி.டி. என்று சொல்லும் உயர்சக்தி டிரான்ஸ்மிட்டர் 10 கிலோவாட் வரை கக்கும். சிற்றூர்களுக்கான எல்.பி.டி. சில நூறு வாட்களோடு நின்றுவிடும். புதிய வகை டிரான்ஸ்மிட்டர்களில் அதிர்வெண்ணைப் பொத்தானை அழுத்தி மாற்றிவிடலாம். ஆனால் அதிலிருந்து வெளியேறும் அலை ஒரு வடிகட்டியைக் கடந்தே மேலே போக வேண்டும். பக்கத்து அதிர்வெண்ணுக்குள் துளியும் சிந்தாமல் பார்த்துக்கொள்வது அதன் கடமை. அந்த வடிகட்டி பல உலோக அறைகளை அடுத்தடுத்து இணைத்துச் செய்தது. ஒவ்வோர் அறையின் அளவும் ஒத்த அதிர்வெண்ணைத் தீர்மானிக்கிறது. வெப்பத்தில் உலோகம் தலைமுடி அளவு விரிந்தாலும் கணக்கு பிசகும். ஆகவே அதைப் புதிதாகச் செய்து வாங்க வேண்டும், இல்லையேல் பொறுமையாகத் திருகித் திருகி மறுபடி ஒத்திசைக்க வேண்டும்.

வடிகட்டியைக் கடந்த அலை, கோபுரத்தின் உச்சிக்கு ஒரு குழாய் வழியாக ஏறுகிறது. குழாய்க்குள் குழாயாக அமைந்த தாமிரப் பாதை அது. பெரிய நிலையங்களில் இதை 6 மீட்டர் அளவுள்ள துண்டுகளாகச் செய்து, ஒன்றன்மேல் ஒன்றாக இணைத்திருப்பார்கள். ஒவ்வோர் இணைப்பிலும் அலையில் மிகச் சிறு பங்கு எதிரொலித்துக் கீழே திரும்பும். தனியாகப் பார்த்தால் பொருட்படுத்த வேண்டாத அளவு. ஆனால் துண்டின் நீளம் அரை அலைநீளத்தின் முழு மடங்காக அமைந்துவிட்டால், எல்லா இணைப்புகளின் எதிரொலியும் ஒன்றோடொன்று கூடி, டிரான்ஸ்மிட்டரையே தாக்கும் அளவுக்கு வளரும். ஆகவே எந்த அதிர்வெண்ணுக்கு எந்த நீளத் துண்டு என்று தயாரிப்பாளர்கள் பட்டியலே வைத்திருக்கிறார்கள். துண்டுக்குத் துண்டு வேறுபாடு ஏழெட்டு சென்டிமீட்டர்தான். அந்த ஏழெட்டு சென்டிமீட்டருக்காகக் கோபுரம் முழுவதும் ஓடும் குழாயைக் கழற்றி மாற்ற வேண்டியும் வரலாம்.

கடைசியில் ஆண்டெனா. பல அதிர்வெண்களுக்கும் பொருந்தும் அகலப்பட்டை ஆண்டெனாவை முன்பே பொருத்தியிருந்த நிலையம் பிழைத்தது. மற்றவை புதிதாக ஏற்ற வேண்டும். புதியது பழையதைவிடக் கனமாக இருந்தால் கோபுரம் தாங்குமா? புயல்காற்று அதன்மேல் மோதும்போது எவ்வளவு வளையும்? சில கோபுரங்களை முதலில் வலுப்படுத்தியாக வேண்டும். 2018 ஏப்ரலில் அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில், ஓசார்க்ஸ் பொதுத் தொலைக்காட்சியின் 550 மீட்டருக்கும் உயர்ந்த கோபுரத்தை இந்த மாற்றத்துக்காக வலுப்படுத்திக்கொண்டிருந்தார்கள். வேலை நடக்கும்போதே கோபுரம் சரிந்து தொழிலாளி ஒருவர் இறந்தார். அலைவரிசை மாற்றம் என்று செய்தியில் ஒரு வரியாக வருவதன் அடியில் இப்படிப்பட்ட மனிதர்கள் இருக்கிறார்கள்.

ஆண்டெனாவை நெருங்கி வேலை செய்யும்போது ஒளிபரப்பை நிறுத்த வேண்டும். அந்த அலை உடலின் திசுக்களைச் சூடாக்கிவிடும். அதே கோபுரத்தில் பண்பலை வானொலியும் இருந்தால் அதன் சக்தியையும் குறைக்க வேண்டும். நிகழ்ச்சி தடைபடக் கூடாது என்பதால் கோபுரத்தின் பக்கவாட்டில் தற்காலிக ஆண்டெனா ஒன்றைக் கட்டுவார்கள். புதிய டிரான்ஸ்மிட்டரை வானத்துக்கு விடுவதற்கு முன், அதன் சக்தி முழுவதையும் வெப்பமாக விழுங்கிவிடும் ‘டம்மி லோடு’ என்ற கருவியோடு இணைத்துச் சோதிப்பார்கள். எல்லாம் சரியாக இருந்தால் குறித்த நாளில் பழைய அலை அணைந்து புதிய அலை எழும்.

987 நிலையங்கள், ஒரு வரிசை

ஒரு நிலையத்துக்கே இவ்வளவு வேலை என்றால், நாடு முழுவதும் ஒரே நேரத்தில் செய்வது எப்படி? அமெரிக்கா 2017-இல் எதிர்கொண்ட கேள்வி இது. அங்கே அலைகளை விற்க விரும்பிய தொலைக்காட்சி நிலையங்களும் வாங்க விரும்பிய கைப்பேசி நிறுவனங்களும் பங்கேற்ற ஏலம் 1,980 கோடி டாலருக்கு முடிந்தது. 614 முதல் 698 மெகாஹெர்ட்ஸ் வரை காலியாக வேண்டும். மிச்சமுள்ள இடத்துக்குள் எல்லா நிலையங்களையும் ஒன்றோடொன்று மோதாமல் அடுக்க வேண்டும்.

இது கணிதத்தில் நெடுங்காலமாக அறியப்பட்ட புதிர். ஒவ்வொரு நிலையத்தையும் ஒரு புள்ளியாக வையுங்கள். ஒன்றுக்கொன்று இடையூறு செய்யக்கூடிய இரண்டு புள்ளிகளைக் கோட்டால் இணையுங்கள். கோட்டின் இரு முனைக்கும் ஒரே நிறம் வராமல், குறைந்த நிறங்களில் எல்லாப் புள்ளிகளையும் தீட்டுங்கள். நிறம் என்பது இங்கே அதிர்வெண். பத்துப் புள்ளிகள் என்றால் பள்ளிப் பிள்ளை செய்துவிடும். ஆயிரக்கணக்கான புள்ளிகளும் லட்சக்கணக்கான நிபந்தனைகளும் சேர்ந்தால், எல்லா வழிகளையும் முயன்று பார்க்க எந்தக் கணினிக்கும் காலம் போதாது. கணினி அறிவியலாளர்கள் இதற்கென்றே தனி மென்பொருள் எழுதி, ஏலம் நடக்கும்போதே நொடிகளில் விடை தர வைத்தார்கள்.

விடை கிடைத்த பிறகும் சிக்கல் தீரவில்லை. ஒரு நிலையம் புதிய இடத்துக்குப் போக வேண்டுமென்றால், அங்கே ஏற்கெனவே இருக்கும் நிலையம் முதலில் வெளியேற வேண்டும். அந்த நிலையம் போக வேண்டிய இடத்தில் இன்னொன்று. இப்படி நகரம் விட்டு நகரம், மாநிலம் விட்டு மாநிலம் நீளும் சார்பு. ஒரு கோபுரத்தில் பனிப்புயலால் வேலை தாமதமானால், அதன் பின்னால் நிற்கும் அத்தனை பேரும் காத்திருக்க வேண்டும். ஆகவே 10 கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் நாள் குறித்தார்கள். உயரமான கோபுரங்களில் ஏறி இந்த வேலையைச் செய்யத் தெரிந்த குழுக்கள் நாட்டிலேயே மிகக் குறைவு. நிலையங்களின் செலவை ஈடுகட்ட ஒதுக்கிய நிதி 275 கோடி டாலர். 2020 ஜூலையில் அட்டவணை நிறைவுக்கு வந்தது. பிரிட்டனிலும் 700 மெகாஹெர்ட்ஸைக் காலி செய்யும் வேலை அடுத்த மாதமே முடிந்தது.

நம் ஊரில் நடந்தது

கர்நாடகத்துக்குத் தொலைக்காட்சி முதலில் வந்தது பெங்களூரு வழியாக அல்ல. அமெரிக்காவின் ஏ.டி.எஸ்.-6 செயற்கைக்கோளை இந்தியா இரவல் பெற்று, 1975 ஆகஸ்ட் 1 முதல் ஓராண்டுக்கு ஆறு மாநிலங்களில் 2,400 கிராமங்களுக்கு நேரடியாகக் கல்வி நிகழ்ச்சிகளை ஒளிபரப்பியது. வட கர்நாடகத்தின் குல்பர்கா வட்டாரக் கிராமங்களும் அதில் இருந்தன. 860 மெகாஹெர்ட்ஸில் வந்த அலையை 3 மீட்டர் வலைக் கிண்ணங்கள் பிடித்தன. மாநிலத் தலைநகரம் டிவி பார்ப்பதற்கு ஆறு ஆண்டுகள் முன்பே அந்தக் கிராமத்து மக்கள் பார்த்தார்கள். 1976 ஜூலை 31-ஆம் தேதி ஒப்பந்தம் முடிந்தது. செயற்கைக்கோள் திரும்பிப் போனது. பெட்டியும் கிண்ணமும் கிராமத்திலேயே இருந்தன, அலைதான் இல்லை. குல்பர்காவில் தரைவழி டிரான்ஸ்மிட்டர் நிறுவிய பிறகே அந்த வட்டாரத்துக்கு மறுபடி படம் கிடைத்தது. அலையை மாற்றுகிறவர் பார்ப்பவரையும் எண்ணிப் பார்க்க வேண்டும் என்பதற்கு இதைவிடப் பழைய பாடம் நம்மிடம் இல்லை.

1980-களில் தரைவழி டிரான்ஸ்மிட்டர்கள் பெருகின. 1984-இல் ஏறத்தாழ நாளுக்கு ஒன்று என்ற வேகம். பின்னர் கேபிள் வந்தது, டி.டி.எச். வந்தது. மொட்டைமாடிக் குச்சிகள் துருப்பிடித்தன. 2016 பிப்ரவரி 25 அன்று தூர்தர்ஷன், பெங்களூரு, சென்னை உள்ளிட்ட 16 நகரங்களில் டி.வி.பி.-டி2 என்ற டிஜிட்டல் தரைவழி ஒளிபரப்பைத் தொடங்கியது. அனலாக் முறையில் ஓர் அதிர்வெண் தடத்தில் ஒரே ஒரு சேனல்தான் போகும். டிஜிட்டலில் அதே அளவு இடத்தில் தூர்தர்ஷன் ஐந்து சேனல்களை அனுப்பியது.

டிஜிட்டலுக்கு இன்னொரு பலமும் உண்டு. அனலாக்கில் ஒரே ஓர் அலை படத்தின் முழுப் பாரத்தையும் சுமக்கும். உயரமான கட்டடத்தில் மோதித் தாமதமாக வரும் எதிரொலி, திரையில் முகத்தின் பக்கத்தில் இன்னொரு நிழல்முகமாகத் தெரியும். டி.வி.பி.-டி2 ஒரே தடத்தை ஆயிரக்கணக்கான துணை அலைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் தகவலை மெதுவாக அனுப்புகிறது. ஒவ்வொரு துணுக்குக்கும் இடையே சிறு இடைவெளி விடுகிறது. அந்த இடைவெளிக்குள் வந்து சேரும் எதிரொலி கெடுதல் செய்யாது. சமயத்தில் துணையாகவும் ஆகும். அதனால்தான் பக்கத்துப் பக்கத்துக் கோபுரங்கள்கூட ஒரே அதிர்வெண்ணில் ஒரே நேரத்தில் ஒளிபரப்ப முடிகிறது. அனலாக் காலத்துப் பொறியாளருக்கு இது நினைத்துப் பார்க்க முடியாத வசதி.

ஆனாலும் நாம் அமெரிக்காவைப் போல நிலையங்களைப் பழைய இடத்திலிருந்து புதிய இடத்துக்கு வரிசையாக நகர்த்தவில்லை. அனலாக் டிரான்ஸ்மிட்டர்களைக் கட்டம் கட்டமாக அணைத்தோம். தொழில்நுட்பம் காலாவதியானது, 5ஜி போன்ற சேவைகளுக்கு அலைக்கற்றை கிடைக்கும், மின்செலவு மிச்சமாகும் என்று தூர்தர்ஷனை நடத்தும் பிரசார் பாரதி காரணம் சொன்னது. எல்லையோரம் போன்ற முக்கிய இடங்களில் சுமார் 50 டிரான்ஸ்மிட்டர்களை மட்டும் வைத்துக்கொண்டு, மற்றவற்றை 2022 மார்ச் இறுதிக்குள் மூடுவதாக அறிவித்தது. கேபிளும் டி.டி.எச்.சும் பரவிவிட்ட நாட்டில் இந்த முடிவை எதிர்த்துக் குரல் அதிகம் எழவில்லை.

இப்போது பெங்களூருவிலிருந்தே இன்னொரு யோசனை வருகிறது. இந்நகரத்தின் சாங்க்யா லேப்ஸ், ஐ.ஐ.டி. கான்பூர், பிரசார் பாரதி ஆகியவை இணைந்து, இணைய இணைப்பில்லாமல் கோபுரத்திலிருந்து நேரே கைப்பேசிக்கு ஒளிபரப்பும் ‘டைரக்ட் டு மொபைல்’ முறையைச் சோதித்துவருகின்றன. இதற்காக 470 முதல் 582 மெகாஹெர்ட்ஸ் வரை ஒதுக்கிவைக்க வேண்டும் என்ற கோரிக்கையைத் தகவல் ஒலிபரப்புத் துறைச் செயலர் 2024 ஜனவரியில் வெளிப்படையாகவே முன்வைத்தார். சாங்க்யாவின் சில்லுகள் மென்பொருளால் இயங்கும் வகை. எந்த அதிர்வெண்ணைக் கேட்க வேண்டும், எந்த முறையில் பிரித்தறிய வேண்டும் என்பதை நிரலை மாற்றியே மாற்றிவிடலாம். பெறும் முனை இப்படி இளகிவிட்டது. அனுப்பும் முனையில் உலோகம் இன்னும் உலோகமாகவே இருக்கிறது.

கடைசி வீடு

கோபுரம் மாறிய மறுநாள் காலையில் வீட்டில் என்ன நடக்கிறது? தொலைக்காட்சிப் பெட்டி பழைய அதிர்வெண்ணிலேயே தேடும், படம் வராது. ரிமோட்டை எடுத்து மறுபடி ‘ஸ்கேன்’ செய்தால் ஓரிரு நிமிடத்தில் எல்லாம் சரியாகும். ஆனால் அதைச் செய்ய வேண்டும் என்று யார் சொல்வது? தனியே வாழும் எண்பது வயதுப் பாட்டிக்குப் பெட்டி பழுதாகிவிட்டதாகத்தான் தோன்றும்.

சிங்கப்பூர் இதைச் சரியாகக் கையாண்டது. வசந்தம் தமிழ்ச் சேனல் உட்பட எல்லாச் சேனல்களும் டிஜிட்டலுக்கு மாறியபோது, குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு இலவசமாகச் செட்டாப் பாக்ஸ் கொடுத்தது. பிறகு கட்டணத் தொலைக்காட்சி இல்லாத வீடமைப்புக் கழகக் குடும்பங்கள் அனைத்துக்கும் அந்த உதவியை விரிவாக்கியது. மக்கள் தயாராகவில்லை என்று தெரிந்ததும் அனலாக்கை அணைக்கும் நாளை ஓராண்டு தள்ளிவைத்தது. 2019 பிறந்தபோதுதான் பழைய அலை நின்றது.

தரைவழி ஒளிபரப்பைப் பேரிடரோடும் சேர்த்து எண்ணிப் பார்க்க வேண்டும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் கைப்பேசிக் கோபுரங்கள் செயலிழந்து, ஒருவரை ஒருவர் தேடித் தவித்ததை நாம் மறக்கவில்லை. கைப்பேசிக் கோபுரம் சிறிய வட்டத்துக்கு மட்டுமே உதவும். அதுபோல் நூற்றுக்கணக்கானவை ஒருசேர உயிரோடு இருந்தால்தான் நகரம் பேச முடியும். உயரத்தில் நிற்கும் ஓர் ஒளிபரப்புக் கோபுரம், ஜெனரேட்டர் ஒன்றோடு, ஒரு நகரம் முழுவதற்கும் ஒரே நேரத்தில் எச்சரிக்கை சொல்லிவிடும். கேட்பவர் பத்துப் பேரா பத்து லட்சம் பேரா என்பது அதற்குப் பொருட்டில்லை; நெரிசலே கிடையாது. இந்த ஆற்றலை ஏலத் தொகையோடு மட்டும் ஒப்பிட்டு மதிப்பிடுவது தவறு.

அலைக்கற்றை காலத்துக்கேற்பக் கைமாறத்தான் வேண்டும். அதில் பிழை இல்லை. ஆனால் எந்த மாற்றமும் டிரான்ஸ்மிட்டர் அறையில் முடிந்துவிடுவதாக அரசு கருதக் கூடாது. அடுத்த அலைவரிசை மாற்றத்துக்கு முன் மூன்றை உறுதிசெய்ய வேண்டும்: பல மாதங்கள் முன்பே அந்தந்த மொழியில் அறிவிப்பு, வாங்க இயலாதவருக்குக் கருவி, பேரிடருக்கென்று ஒதுக்கிய தரைவழி அலை. அலைகள் பொதுச்சொத்து என்று நீதிமன்றம் சொல்லி முப்பது ஆண்டுகள் ஆகிவிட்டன. உரிமையாளர்களாகிய நாம், நம் சொத்து எங்கே, யாருக்கு, எதற்காகப் போகிறது என்று கேட்கப் பழக வேண்டும்.